இல்லாத வைரஸுக்கு அஞ்சி, இருந்த குரலை இழந்தோம்



சென்ற ஆண்டு ஒரு நாள், மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது ஊரிலிருந்து ராத்தா அழைத்தார். அவருடைய பேச்சுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஒலி போன்ற அலறல் ஓயாமல் கேட்டது. மகளின் பள்ளிப் பாடத்துக்காக ஏதோ ஓர் இணையதளத்தைத் திறந்தாராம். திரை முழுவதும் சிவந்து, கணினியில் வைரஸ்கள் புகுந்துவிட்டன, அணைத்தால் எல்லாக் கோப்புகளும் அழிந்துவிடும், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை வந்ததாம். மூடுவதற்கான பொத்தானையும் காணவில்லை.

"அந்த நம்பருக்குப் போன் பண்ணிடாதீங்க ராத்தா. சுவிட்சை அணைச்சிடுங்க. வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்றேன். அவரும் அணைத்துவிட்டார். அச்சம்தான் அணையவில்லை. மறுநாள் காலையே பக்கத்து வீட்டுப் பையனிடம் கணினியைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார். கடையில் ஒரு வார்த்தையும் கேட்காமல் ஹார்ட் டிஸ்க்கை முழுவதுமாக ஃபார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் பதிந்து, "வைரஸ் எல்லாம் போய்விட்டது" என்று திருப்பித் தந்தார்கள்.

வைரஸுடன் வாப்பாவும் போய்விட்டார்கள். மவ்த்தாவதற்கு முந்தைய ரமலானில் பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து அவர்கள் யாசீன் ஓதிய ஒலிப்பதிவு, சவூதியிலிருந்து உம்மாவுக்கு எழுதிய கடிதங்களை நாங்கள் ஸ்கேன் செய்து வைத்திருந்த கோப்புகள், 12 ஆண்டுப் புகைப்படங்கள் என அனைத்தும் அந்த ஒரே கணினியில்தான் இருந்தன. அதே டிஸ்க்கில் விண்டோஸை மீண்டும் பதிந்துவிட்டதால், மீட்டெடுக்கும் மென்பொருளை ஓட்டியும் உடைந்துபோன சில படங்களைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கணினியில் வைரஸ் இருந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஓர் இணையப் பக்கம் தானாக நம்முடைய டிஸ்க்கைத் துழாவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க இயலாது. ராத்தா கண்டது ஒரு படமும் ஓர் ஒலிப்பதிவும் மட்டுமே. உலாவியைத் திரை முழுவதும் விரித்து, மூடும் பொத்தானை மறைத்துவிடுவது அவர்களுடைய தந்திரம். தன்னுடைய எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே கூறியிருக்கிறது. ஆகவே எச்சரிக்கையில் எண் இருந்தால் அது பொய் என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

எஸ்கேப் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் உலாவியைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடுங்கள். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கமும் திறக்காமலே திரையின் மூலையில் எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்தால், என்றைக்கோ ஏதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப 'அலவ்' கொடுத்திருப்பீர்கள். உலாவியின் அமைப்புகளுக்குள் சென்று அந்த அனுமதியை நீக்கினால் போதும்.

எண்ணை அழைத்துவிட்டவர்களின் நிலைதான் பரிதாபம். மறுமுனையில் பேசுபவர் மிகுந்த மரியாதையுடன், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ஒரு மென்பொருளை நிறுவச் சொல்வார். பிறகு விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, வரிசை வரிசையாகப் பிழைக் குறிப்புகளைக் காட்டுவார். நல்ல நிலையில் உள்ள கணினியிலும் அத்தகைய குறிப்புகள் இருக்கும் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. அப்படி யாரையேனும் உள்ளே விட்டிருந்தால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள், வங்கிக்குத் தெரிவியுங்கள். இந்தியாவில் இருப்போர் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்யலாம். வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

பொய்யை நம்பித் தன் கையாலேயே தன் கணினிக்குத் தீங்கு செய்துகொள்வது புதிதன்று. 2002-இல் ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றிவந்தது. கரடிப் பொம்மைச் சின்னத்துடன் ஒரு கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது வைரஸ், அழித்துவிட்டு நண்பர்களுக்கும் தெரிவியுங்கள் என்றது அது. தேடியவர்களுக்கு அந்தக் கோப்பு கிடைக்கத்தான் செய்தது. ஏனெனில் அது விண்டோஸுடனேயே வரும் ஜாவா சார்ந்த ஒரு கோப்பு! வைரஸ் எழுதும் சிரமம்கூட இல்லாமல், நல்லெண்ணம் கொண்ட நண்பர்களைக் கொண்டே வேலை முடிந்தது.

இன்று அதே வேலையைக் குடும்ப வாட்ஸப் குழுக்களில் நாம் செய்கிறோம். "இந்த வீடியோவைத் திறந்தால் போன் செத்துவிடும், உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்ற செய்தி ஃபஜ்ருக்கு முன்பே வந்துவிடுகிறது. கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் ஏவுகிறது. அந்த வசனத்தை விளக்கும் பயானையும், விசாரிக்காத வைரஸ் செய்தியையும் ஒரே விரலால் பகிர்பவர்களை நான் அறிவேன். நானும் பகிர்ந்திருக்கிறேன்.

ஆனால் ராத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "எல்லாக் கோப்புகளும் அழிந்துவிடும்" என்ற ஒரு வரிதான் அவரை உலுக்கியது. வாப்பாவின் குரலுக்கு இன்னொரு பிரதி வேறிடத்தில் இருந்திருந்தால் அந்த வரி அவரை என்ன செய்திருக்கும்? கடைக்காரர் ஃபார்மட் செய்திருந்தாலும்தான் என்ன? பொய் எச்சரிக்கை விற்பவர்களின் முதலீடு அவர்களுடைய திறமையன்று. நம்மிடம் ஒரே பிரதி இருப்பதுதான்.

அவர்கள் இல்லாவிட்டாலும் டிஸ்க் ஒருநாள் பழுதாகும். உண்மையான தாக்குதல்களும் உண்டு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை, கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளே நிலைகுலைந்தன. பிரதி வைத்திருந்தவர்கள் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லி ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னபோது மச்சான், "அல்லாஹ் நாடினால் இருக்கும்" என்றார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை அவரே ஜும்ஆவில் பலமுறை கேட்டிருப்பார். கயிறு வாங்க ஏன் தயக்கமோ தெரியவில்லை.

வாங்கியதைக் கணினியிலேயே செருகி வைத்திருப்பதில் பயனில்லை. கோப்புகளைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை செருகி, படியெடுத்து, கழற்றி அலமாரியில் வையுங்கள். எப்போதாவது இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். "கூகுள் போட்டோஸில் இருக்கிறதே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போனில் அந்தச் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் கூகுள் கணக்கிலிருந்தும் அது நீங்கும், 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடந்து பிறகு போய்விடும். எனவே அதை மட்டும் நம்பக் கூடாது. இரண்டாவது பிரதியை வேறு ஊரில் வைப்பது பாதுகாப்பு. நம் குடும்பங்களுக்கு இது எளிது: விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புபவரின் பெட்டியில் கடவுச்சொல் இட்ட ஒரு டிஸ்க் போகட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்களின் படங்கள் நிறைந்த கணினியை முன்பின் அறியாதவர் கடையில் இரவு முழுவதும் விட்டுவருகிறோம். பிரதி இருந்தால் கோப்புகள் உள்ள டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கொடுக்கலாம். பேணுதலைப் பற்றி அதிகம் பேசும் நாம் இதைக் கவனிப்பதே இல்லை.

இரண்டு மாதங்களுக்கு முன் கோலாலம்பூரில் இருக்கும் சாச்சா மகன், தன் பழைய போனில் வாப்பாவின் குரல் பதிவு ஒன்று இருப்பதாகச் சொல்லி அனுப்பிவைத்தான். யாசீன் அன்று, ஊருக்கு வரும்போது முட்டுவலிக்குத் தைலம் வாங்கிவரச் சொல்லும் 40 விநாடிப் பேச்சு. ராத்தா அதை மூன்று முறை கேட்டுவிட்டு, மச்சானை உடனே கடைக்கு அனுப்பி ஹார்ட் டிஸ்க் வாங்கிவரச் சொன்னார்.