வெடிப்பலா இல்லாமல் மாஞ்சோலை காடாகாது

மாஞ்சோலையில் தேயிலைத் தொழில் நின்றுவிட்டது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மலையில், தோட்ட நிறுவனம் 2024இல் வேலையை முடித்துக்கொண்டது. இனி மனிதர்கள் விலகிக்கொண்டால் போதும், காடு தானாகத் திரும்பிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதற்கு வெடிப்பலா ஒன்றே போதிய சான்று.

தூரியனுக்கு உறவான இம்மரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் ஏறத்தாழ 700 முதல் 1,400 மீட்டர் வரையிலான மழைக்காடுகளின் அடையாளம். தேயிலைக்கும் காப்பிக்கும் தோட்டக்காரர்கள் தேடிய உயரமும் அதுதான். தோட்டங்களுக்காக வால்பாறையில் இழந்ததும் இந்தக் காட்டைத்தான். வறண்ட மாதங்களில் காட்டில் பழம் அருகிப்போகும்போது, இதன் முதிர்ந்த கிளைகளை ஒட்டியே பூக்கள் கொத்துக்கொத்தாக வெடித்து நிற்கும். பூவுக்கு இதழ் கிடையாது; சதைப்பற்றான குழலும் தேனும்தான். அதைத் தின்ன சோலைமந்தி, மலை அணில், மரநாய், வௌவால் என்று ஒரு கூட்டமே வரும். மாஞ்சோலைக்கு அருகே காக்காச்சியில் டி. கணேஷும் சௌபத்ரா தேவியும் செய்த ஆய்வு, பூவைத் தின்னும் இந்தப் பாலூட்டிகளே மகரந்தத்தையும் கடத்துகின்றன என்று காட்டியது. இவற்றில் பெரும்பாலானவை கிளைவிட்டுக் கிளை தாவி வாழ்பவை. இடையில் தேயிலைச் சரிவு வந்துவிட்டால் அவற்றின் பாதை அறுந்துபோகிறது. மரம் நின்றாலும் அதன் வம்சம் தளர்கிறது.

சுற்றிலும் புலிகள் காப்பகம் இருக்கிறதே, விதை அங்கிருந்து வராதா என்று கேட்கலாம். காட்டின் ஓரத்தில் கொஞ்சம் வரலாம். ஆனால் வெடிப்பலா விதை கனமானது; பெரும்பாலும் தாய்மரத்தடியிலேயே விழும், உலர்ந்தால் முளைக்கும் திறனை இழக்கும். தொண்ணூறு ஆண்டு தேயிலை நின்ற மண்ணில் அந்த விதை உறங்கிக் கிடக்க வழியில்லை. கவாத்து நின்ற தேயிலைச் செடியோ தானே மரமாக உயர்ந்து நிலத்தை மூடிக்கொள்ளும். பச்சையாகத் தெரிவதெல்லாம் மழைக்காடு ஆகிவிடாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தலைமுறைகளாக அங்கே உழைத்த குடும்பங்களை வெளியேற்றிவிட்டு மரம் வளர்ப்பது என்ன நியாயம்? நியாயமே இல்லை. அவர்களுக்கு நிலமும் வீடும் தருவது அரசின் கடமை. காட்டைக் காரணம் காட்டி அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மீட்புப் பணிக்கு ஆட்களும் வேண்டும். விதை பொறுக்கவும், நாற்றங்கால் பராமரிக்கவும், களை எடுக்கவும் அந்தச் சரிவுகளை அறிந்தவர்களைவிடத் தகுதியானவர் யார்? விரும்புவோருக்கு அதை முறையான ஊதியத்தோடு வேலையாகத் தரலாம். சிதைந்த மழைக்காட்டை நாட்டு மர நாற்றுகளால் மீட்கும் பணி வால்பாறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அந்த அனுபவம் கைவசம் இருக்கிறது. குத்தகை 2028இல் முடிகிறது. நாற்று நடும் அளவுக்கு வளரவே ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், அடுத்த முறை பழம் வெடிக்கும்போதே வனத்துறை விதை சேகரிப்பைத் தொடங்க வேண்டும்.