புத்தகக் கதை, நம் வீட்டு ஆட்டம்
மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, வீரனாகவும் மந்திரவாதியாகவும் பேசிக் கதை ஆடும் தம்பி தங்கைகளே! சாகசக் கதையை அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்தால் சொந்தக் கற்பனை போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். மைக் கார் என்ற அமெரிக்கர் எழுதிய புத்தகத்தில், எந்த அறையில் எந்தப் பூதம், என்ன புதையல் என்பதை நாமே நிரப்ப இடம் விட்டிருந்தார். கேரி கைகாக்ஸ் எழுதிய எல்லைக் கோட்டைக் கதையிலோ கொல்லருக்கும் காவலருக்கும் பெயரே கிடையாது! அதை ஜார்ஜ் டவுன் கார்ன்வாலிஸ் கோட்டையாக்கி, கொல்லருக்கு லயத்துத் தாத்தாவின் பெயரை வையுங்களேன். குகைகள் பினாங்கு மலையில் இருக்கட்டும். ஒன்று மட்டும்: கடைக்குட்டித் தங்கை, "நான் மலைக்கு வரல, படகுத்துறைக்குப் போறேன்" என்றால் புத்தகத்தைக் காட்டி அதட்டாதீர்கள். அவள் வாயை மூடிக்கொண்டால் ஆட்டமே போச்சு. குகைப் பூதத்தைப் படகில் ஏற்றிவிட எவ்வளவு நேரம் ஆகும்?