சினிமாவுக்கு "ஏ" சர்டிபிகேட்! செல்போனுக்கு?

எறையூரில் லீவு நாளில் நிழல் இருக்கிற இடமெல்லாம் பையன்கள் கூட்டம். கையில் பந்து இல்லை. அப்பா பெயரில் வாங்கிய செல்போன். "பின்னாடி வர்றான், சுடுடா!" என்று ஒரே சத்தம். பெரியவர்கள் சர்க்கரை ஆலைக்கும் சிப்காட் செருப்புக் கம்பெனிக்கும் ஷிப்டு போய்விட்டார்கள். கேட்க ஆள் ஏது?

பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது சுலபம். காலை 6 மணிக்கே கிளம்பும் தாய், பிள்ளை பத்திரமா இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தானே போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாள்?

சினிமாவுக்கு 1952-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. "ஏ" படத்துக்கு 18 வயது ஆகாதவனை உள்ளே விட்டால் தியேட்டர்காரர் பதில் சொல்ல வேண்டும். 2023-ல் சட்டத்தைத் திருத்தி "யு/ஏ" படத்தையே 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் எப்போதும் கறாராக இருந்தார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் கேட்டில் ஒரு ஆள் நின்றார்.

செல்போனில் அந்த ஆள் இல்லை. ப்ளே ஸ்டோரில் 12+, 16+ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கேம் தயாரித்த கம்பெனியே ஒரு கேள்வித்தாளுக்கு எழுதிக் கொடுத்த பதிலை வைத்துப் போடுகிற நம்பர் அது. 2023-ல் திரும்பி வந்த பி.ஜி.எம்.ஐ., 18 வயதுக்குக் கீழ் என்றால் நாளைக்கு 3 மணி நேரம்தான் என்றது. வயதைக் கேட்டால் பையன் 20 என்று தட்டுகிறான். முடிந்தது கதை!

தடை போடவில்லையா? போட்டார்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி, 2022 பிப்ரவரியில் ப்ரீ ஃபயர். நாட்டின் பாதுகாப்பு, தகவல் திருட்டு என்று காரணம் சொன்னார்கள். பிள்ளைகள் பேச்சே இல்லை. தமிழக அரசு 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது, 18 வயதுக்குக் கீழ் கூடவே கூடாது என்று விதி போட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் அந்த ஜூனில் சரி என்றது. நல்ல விதிதான். ஆனால் அது ரம்மி, போக்கர் மாதிரி பணம் கட்டி ஆடுவதற்கு மட்டும். காசு போனால் அரசுக்குக் கோபம் வருகிறது. ராத்திரி 2 மணிக்குப் பிள்ளை சுட்டுக்கொண்டிருந்தால் அது வீட்டு விவகாரமாம்!

எந்தப் பையன் வீட்டை விட்டு ஓடினாலும் "செல்போன் கேம்தான் காரணம்" என்று ஸ்டேஷனில் சொல்வதும், பத்திரிகைகள் அதை அப்படியே போடுவதும் வழக்கமாகிவிட்டது. கேம் பிள்ளையை முரடனாக்கும் என்பது நிரூபணம் ஆகவில்லை என்றுதான் 2011-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு கலிபோர்னியா சட்டத்தைச் செல்லாது என்றது. இருக்கட்டும். 9 வயதுப் பிள்ளைக்கு ரத்தம் தெறிக்கிற காட்சி வேண்டாம் என்று சொல்ல நிரூபணம் எதற்கு? சினிமாவுக்குக் கேட்டோமா?

கம்பெனிகளால் முடியாது என்பதும் பேச்சுக்குத்தான். சீனாவில் 2021 முதல் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாளில் இரவு 8 முதல் 9 வரை மட்டும்தான். அவ்வளவு இங்கே வேண்டாம். பிரிட்டனில் 2012 முதல், வயது ஆகாத பிள்ளைக்கு கேம் விற்றால் கடைக்காரர் மீது வழக்கு. நம் ஊரில் கடை என்றால் ப்ளே ஸ்டோர்தான். வழக்கு அதன் மேல் பாய வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில், ஆன்லைன் விளையாட்டுகளை வகைபிரித்துப் பதிவு செய்ய ஆணையம் அமைக்க வழி இருக்கிறது. வன்முறை அளவைப் பார்த்து வயது முத்திரை குத்துவது அந்த ஆணையத்தின் வேலையாகட்டும்.

ஓ.டி.பி. அனுப்பினால் போதாது. அது பிள்ளை கையில் இருக்கிற போனுக்கேதான் வரும்! வயதுக்கு மீறிய கேமை இறக்க விடாத பூட்டு போனிலேயே இருக்கிறது. பல பெற்றோருக்கு அது தெரியாது. பெரம்பலூர் கடைகளில் புதுப் போனுக்குக் கவர் போட்டு, கண்ணாடி ஒட்டித் தருகிறார்கள். அந்தப் பூட்டையும் போட்டு, நம்பரைத் தகப்பன் காதில் சொல்லி அனுப்ப எத்தனை நிமிஷம் ஆகும்?