ஜெய்சால்மரில் ஒட்டகச் சவாரி: பத்து நிமிட ‘ஃப்ரீ ரைடு’ போதுமா?

ராஜஸ்தான் டூர் போய் வந்த குடும்பங்களிடம், ‘ஒட்டகத்துல ஏறினீங்களா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பதில் வரும்: ‘ஏறினோம்... ஏறினதும் இறக்கி விட்டுட்டாங்க!’

ஜெய்சால்மர் கோட்டை, பட்வா ஹவேலி, கடிசர் ஏரி என்று எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்குகிற பயணத் திட்டத்தில், ஒட்டகச் சவாரி மட்டும் மாலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எப்படியோ சொருகப்பட்டிருக்கும். ‘கேம்ப் பேக்கேஜ் எடுத்தா கேமல் ரைடு ஃப்ரீ’ என்று சொல்லியிருப்பார்கள். போனோமா, ஏறினோமா, செல்ஃபி எடுத்தோமா, இறங்கினோமா என்று முடிந்துவிடும். அத்தனை தூரம் ரயிலேறிப் போனது இதற்காகவா என்று தோன்றுவதற்குள் பஃபே தயார் என்று கூப்பிட்டுவிடுவார்கள்.

அந்த ‘ஃப்ரீ’யில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்கிறது. ஒட்டகம் இலவசமாகத் தின்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மணலில் நடக்கிறவரும் இலவசமாக நடப்பதில்லை. பயணி கொடுக்கும் மொத்தப் பணத்தில் டென்ட், சாப்பாடு, பாட்டு, நடனம், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் போக மிச்சம்தான் ஒட்டகக்காரருக்கு. கைக்கு வருவது குறைவாக இருந்தால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: சவாரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. ஒரே மாலையில் ஓயாமல் ஏற்றி இறக்குவதும், ஒரு முதுகில் இரண்டு பெரியவர்களையும் மடியில் ஒரு குழந்தையையும் உட்கார வைப்பதும் அப்படித்தான் நடக்கிறது. பயணிக்கும் நிறைவில்லை, விலங்குக்கும் ஓய்வில்லை.

எங்கே, எந்த நேரத்தில்?

மணல்மேட்டுக்குப் போக வழக்கமாக இரண்டு ஊர்கள் உண்டு. ஜெய்சால்மருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சம் ஒன்று. தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கும் குரி இன்னொன்று. சம்மில் எல்லாம் கிடைக்கும். ஜீப் சவாரி, பாராகிளைடிங், ராத்திரி முழுக்க ஸ்பீக்கர் சத்தம் என ஒரு பொருட்காட்சி போலவே இருக்கும். குரி அந்த அளவுக்கு மாறவில்லை. மண் வீடுகளும் கிராமமும் இன்னும் இருக்கின்றன. கூட்டமும் கொண்டாட்டமும் வேண்டும் என்பவர்கள் சம்முக்குப் போவதில் தப்பில்லை. ஒட்டகத்துக்காகவே போகிறவர்களுக்குக் குரிதான் சரி.

அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் பருவம். மே மாதத்தில் 45 டிகிரியைத் தாண்டுகிற ஊர் அது. அப்போது கிடைக்கும் டிஸ்கவுன்ட்டைப் பார்த்து, பள்ளி விடுமுறைதானே என்று குழந்தைகளோடு கிளம்புவது வேண்டாத வேலை.

எல்லோரும் மாலைச் சூரியனைப் பார்க்கத்தான் ஓடுகிறார்கள். காலையில் போவதே மேல். ஜனவரியில் அங்கே சூரியன் எழவே ஏறக்குறைய ஏழரை மணி ஆகிவிடும்; சென்னைக்காரர்கள் போல ஐந்து மணிக்கு எழுந்து அடித்துப் பிடித்து ஓட வேண்டியதில்லை. காலை மணலில் முந்தைய நாள் டயர் தடங்களைக் காற்று ஓரளவு அழித்திருக்கும், வண்டும் ஓணானும் ஓடிய கோடுகள் தெரியும். ஒட்டகமும் இரவு முழுக்க ஓய்வெடுத்திருக்கும். குளிர் மட்டும் கடுமை. டிசம்பர், ஜனவரி விடியலில் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். பாலைவனம் என்றாலே சூடு என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் போய் நடுங்குகிற நம்மூர்க்காரர்கள் நிறைய.

எவ்வளவு நேரம்? ஒட்டகம் நடையில் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போகும். பத்து நிமிடம் என்றால் வண்டிகள் நிற்கும் இடத்தைவிட்டே தாண்டியிருக்க முடியாது. அரை மணி என்றால் கூட்டத்தை விட்டு விலகலாம். ஒரு மணி நேரம் போனால் மணலுக்கு நடுவே உண்மையிலேயே தனியாக இருப்பது போல ஒரு அமைதி கிடைக்கும். முதல்முறை ஏறுகிறவருக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம். தொடை இரண்டும் கெஞ்ச ஆரம்பித்துவிடும். மூன்று நாள் சஃபாரி என்று ஆசை ஆசையாக புக் செய்துவிட்டு, இரண்டாம் நாள் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நடந்தே வருகிறவர்களும் உண்டு.

போய்ச் சேர்வதைப் பொறுத்தவரை, ஜோத்பூரைத் தலைமையிடமாக வைத்துக்கொள்வது எளிது. மன்னார்குடியிலிருந்தே ஜோத்பூரின் பகத் கி கோத்தி வரை வாராந்திர ரயில் இருக்கிறது. அங்கிருந்து ஜெய்சால்மர் சாலை வழியாக சுமார் 280 கிலோமீட்டர்.

எழும்போதுதான் ஆபத்து

வங்காளிகளுக்கு ஜெய்சால்மர் மேல் தனிப் பிரியம் உண்டு. சத்யஜித் ராயின் ‘சோனார் கேல்லா’ (1974) படம் செய்த வேலை அது. அதில் ஜடாயு என்கிற கதாபாத்திரம் ஒட்டகத்தில் ஏறப் படுகிற பாடு இன்றைக்கும் சிரிக்க வைக்கும். ஆனால், அந்தப் பயம் நியாயமானது. உட்கார்ந்திருக்கும் ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்கால்களைத்தான் தூக்கும். ஏறியிருப்பவர் தலைகுப்புற முன்னால் சாய்வார். அந்த நொடியில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு சேணத்தின் பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அடுத்து முன்னங்கால்கள் எழும். ஆள் சட்டென்று பின்னால் போவார். உட்காரும்போது முன்கால் முட்டி முதலில் மடியும், அதனால் மறுபடியும் முன்பக்க ஆட்டம். கீழே விழுகிற வாய்ப்பு இந்தச் சில நொடிகளில்தான் அதிகம். நம்மவர்கள் வீடியோ எடுப்பதற்காக ஒரு கையில் போனைப் பிடித்துக்கொள்வதும் சரியாக இதே நொடிகளில்தான்! வீடியோ வேண்டுமென்றால் கீழே நிற்கிறவர் எடுக்கட்டும்.

நடக்கத் தொடங்கியதும் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்து எடுத்து வைப்பதால் இடவலமாக ஓர் ஆட்டம் இருக்கும். ‘பாலைவனக் கப்பல்’ என்ற பெயர் இந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். இடுப்பை இறுக்காமல் அதன் போக்கிலேயே விட்டுவிட்டால் பழகிவிடும். கால் ஊன்றிக்கொள்ள வளையம் இருக்கும் சேணமாகக் கேட்டு வாங்குவது நல்லது. கால் தொங்கிக்கொண்டே இருந்தால் அரை மணியிலேயே மரத்துப்போகும். முழுக்கால் பேன்ட் அவசியம். சேலை, வேட்டி, அரைக்கால் டிரவுசர் மூன்றும் உதவாது. முதுகுவலிக்காரர்கள், கர்ப்பிணிகள் கீழே நின்று டாட்டா காட்டுவதே உசிதம்.

இன்னொன்று, டூர் கம்பெனிகள் சொல்லாத விஷயம். சுற்றுலா சூடு பிடிக்கும் குளிர்காலம்தான் ஆண் ஒட்டகங்களின் இணைசேரும் பருவமும். அந்தச் சமயத்தில் வாயில் நுரை தள்ளும். களகளவென்று ஒரு சத்தத்தோடு இளஞ்சிவப்பு பலூன் போல ஒன்று வாயின் ஓரம் தொங்கும். பார்ப்பவர்கள் நாக்கு வெளியே வந்துவிட்டது, நோய் வந்துவிட்டது என்று பதறுவார்கள். அது அண்ணத்தின் மென்மையான பகுதி. பெண் ஒட்டகத்தைக் கவர்வதற்கான வித்தை. நோய் இல்லைதான். ஆனால், அந்த நேரத்தில் அதன் குணம் நம்பத்தக்கதல்ல, கடிக்கவும் செய்யும். அப்படிப்பட்ட ஒட்டகத்தின் முகத்துக்குப் பக்கத்தில் குழந்தையை நிறுத்தி போட்டோ எடுக்கவே கூடாது. வேறு ஒட்டகம் கேட்டால் கொடுப்பார்கள்.

ஏறுவதே பாவமா?

விலங்குகளை வைத்துச் சுற்றுலா நடத்துவதே கொடுமை, ஏறவே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பெருகிவருகிறார்கள். அவர்கள் காட்டும் காயங்கள் பொய்யல்ல. ஆனால், அந்த வாதத்தை ராஜஸ்தானின் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019இல் அது ஏறக்குறைய 2.5 லட்சம். ஏழே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது.

காரணம், வேலை போனது. ஏர் உழவும் வண்டி இழுக்கவும் டிராக்டரும் லாரியும் வந்துவிட்டன. இந்திரா காந்தி கால்வாய் வந்த பகுதிகளில் மேய்ச்சல் நிலம் வயலாகிவிட்டது. இந்த நிலையில்தான் 2014இல் ஒட்டகம் மாநில விலங்காக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே அதை வெட்டுவதைத் தடுத்தும், மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தியும் சட்டம் வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால், தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கா சமூகத்தினர், இந்தச் சட்டத்தால் ஆண் ஒட்டகத்துக்கு விலையே இல்லாமல் போய்விட்டது என்கிறார்கள். வாங்க ஆளில்லாத விலங்கை யார் தீனி போட்டு வளர்ப்பார்கள்? பெண் ஒட்டகத்துக்காவது பால் இருக்கிறது; 2019இல் அமுல் நிறுவனமே ஒட்டகப் பாலை பாட்டிலில் விற்க வந்தது. ஆணுக்கு மிஞ்சியிருக்கும் சில வேலைகளில் சவாரியும் ஒன்று.

ஆகவே, யாருமே ஏறாமல் இருந்தால் ஒட்டகம் நிம்மதியாக வாழும் என்று நினைப்பது ஊருக்கு வெளியே இருப்பவர்களின் கற்பனை. ஏறலாம். எந்த ஒட்டகத்தில், எப்படி என்பதில்தான் பயணியின் பொறுப்பு இருக்கிறது.

நம்மூர் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போல அதற்கும் மூக்கில் முளை குத்தி கயிறு கட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் ரத்தமோ சீழோ ஈ மொய்ப்பதோ தெரிந்தால் அந்த ஒட்டகம் வேண்டாம். சேணத்தின் ஓரத்தில் முடி உதிர்ந்து புண்ணாகியிருக்கிறதா, எழும்போது நொண்டுகிறதா என்பதைப் பார்க்க நிபுணர் ஆக வேண்டியதில்லை, ஒரு நிமிடம் போதும். ‘ஒட்டகத்துக்கு உடம்பெல்லாம் கோணல்’ என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிற நமக்கு, எது அதன் இயல்பான கோணல், எது வலியால் வந்த கோணல் என்று பார்க்கும் பழக்கம் வரவில்லை. ஒருவருக்கு ஒரு ஒட்டகம் என்று கேட்க வேண்டும். சிறு குழந்தை இருந்தால் மட்டும் பெரியவர் ஒருவரோடு சேர்த்து. வளர்ந்த ஒட்டகம் 400 முதல் 600 கிலோ எடை இருக்கும்தான். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை.

பேரம் யாரோடு?

காசு விஷயத்தில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். கேம்ப் முதலாளி சொன்ன தொகையைப் பேசாமல் கட்டிவிட்டு, மணலில் நிற்கும் ஒட்டகக்காரரிடம் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டுவார்கள். முறை தலைகீழாக இருக்க வேண்டும். கேம்பில் தங்குகிறவர்கள் ‘ரைடு வேண்டாம், அதைக் கழித்துக்கொண்டு ரேட் சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பார்க்கலாம். குறைத்தாலும் குறைக்காவிட்டாலும், சவாரியை ஒட்டகக்காரரோடு நேரடியாகப் பேசிக்கொள்வது நல்லது. தொகை ஆளுக்கா, ஒட்டகத்துக்கா? எத்தனை நிமிடம்? போய்த் திரும்பவும் சேர்த்தா, போக மட்டுமா? இதை ஏறும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். மேலே ஏறி உட்கார்ந்தவருக்குப் பேரம் பேசும் தெம்பு இருப்பதில்லை.

குரியில் தங்குகிறவர்கள் முதல் நாள் மாலையே ஒட்டகக்காரரைப் பார்த்துப் பேசிவிடலாம். ஏழு மணிக்குக் கிளம்பினால் மணல்மேட்டில் சூரிய உதயம், ஒரு மணி நேர சவாரி, இறங்கி ஒரு டீ. வழியில் கேஜ்ரி மரத்தைக் கண்டால் ஒட்டகம் நின்று இலையை இழுக்கும். அது வேறொன்றுமில்லை, நம்மூர்க் கோயில்களில் இருக்கும் அதே வன்னி மரம்தான். கயிற்றை இழுக்கச் சொல்லி அவசரப்படுத்தாமல் இரண்டு வாய் தின்ன விட்டாலும் ஒன்பதரைக்குள் திரும்பிவிடலாம். மதியச் சாப்பாட்டுக்கு ஜெய்சால்மரில் இருக்கலாம்.