கேஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவர்கள்



வத்தலக்குண்டு பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பல வருடங்களாகத் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படித்த படிப்பை விட்டுவிடவும் மனமில்லை. வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிறார். ஒட்டன்சத்திரத்திலும் காந்திகிராமத்திலும் பயிற்சி பெற்று வந்த நம் மாவட்டத்துச் செவிலியர் எல்லோருக்குமான கேள்வி இது.

அமெரிக்காவில் 'லீகல் நர்ஸ் கன்சல்டன்ட்' என்றொரு வேலை இருக்கிறது. 1989-லேயே சங்கமும் அமைத்துவிட்டார்கள். மருத்துவ வழக்கு நடத்தும் வக்கீலுக்காகப் பதிவேடுகளைப் படித்து, எந்த மணிக்கு என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று எழுதித் தருவார்கள். இங்கே அந்தப் பெயர் அவ்வளவாகப் பழக்கத்தில் இல்லை. ஆனால் தேவை இருக்கிறது.

எழும்பூர் அரசு மருத்துவமனை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 ஆகஸ்டில் 29-வது வாரத்திலேயே பிறந்த பெண் குழந்தை, எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்திருந்து, செப்டம்பரில் டிஸ்சார்ஜ் செய்தார்கள். கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயில் அந்தக் குழந்தை பார்வையை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் தரச் சொன்னது. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடியாக உயர்த்தியது. பிறந்து 19 வருடம் ஆகப்போகிற நேரம் அது. பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த ஒரு சிஸ்டரிடம் அந்தத் தாள்களைக் கொடுத்திருந்தால், வாரக் கணக்கையும் எடையையும் பார்த்ததுமே, "கண் டாக்டர் எப்போது பார்த்தார்?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார். அந்தக் கேள்வி வக்கீலுக்குத் தானாக வராது.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பவை விபத்து வழக்குகள். நான்குவழிச் சாலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு கேட்கும்போது ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்), காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் வலது கால், மற்றொன்றில் இடது கால் என்றிருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். பூட்டுப் பட்டறையில் நின்று வேலை செய்கிறவருக்கு முழங்கால் மடங்காவிட்டால் பிழைப்பே போகும். சான்றிதழில் இருக்கும் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கச் சொல்லி 2010-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல, நோயாளியைத் தூக்கி உட்கார வைத்த அனுபவம் உதவும்.

டாக்டர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கும் வேலை இது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். மணியும் மருந்தும் கையெழுத்தும் ஒழுங்காக உள்ள நர்ஸஸ் நோட்ஸ் எத்தனையோ நல்ல மருத்துவர்களையும் செவிலியர்களையும் காப்பாற்றும். வழக்கில் பலம் இல்லை என்றால், அதைக் குடும்பத்திடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவதும் பெரிய உதவிதான்.

வழி என்ன? பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் மூன்று வருட சட்டப்படிப்பில் சேரலாம். வேலையை விட முடியாதவர்களுக்கு, பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி மருத்துவச் சட்டத்தில் தொலைநிலைப் பட்டயம் நடத்துகிறது. காப்பீட்டு நிறுவனங்களின் கிளெய்ம் பிரிவிலும் மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் டெஸ்க்கிலும் செவிலியர்களை எடுக்கிறார்கள். தொடங்க அது நல்ல இடம். சம்பளத்தை விட்டுவிட்டு இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் ஒரு விபத்து வழக்கு வக்கீலுக்கு ஒரே ஒரு கேஸ் ஷீட்டைத் தேதிவாரியாகச் சுருக்கி எழுதிக் கொடுத்துப் பாருங்கள். வேலை பார்க்கும் இடத்துப் பதிவேட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே எடுத்துவராதீர்கள். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ எழுதிக் கேட்டால் அதை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிமுறையே சொல்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம்தான் என்பதையும் நோயாளியின் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள்.

நர்சிங் படித்துவிட்டுச் சட்டமும் படித்தவர்கள் நம் மாவட்டத்தில் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். கட்டணம், வகுப்பு நேரம், வீட்டு வேலையோடு எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையெல்லாம் விவரமாகவே எழுதுங்கள். வத்தலக்குண்டு சகோதரிக்கு அதுதான் தேவை.

அன்புடன்,
ஆசிரியர்