பின்வாசல் வழியே பங்குச் சந்தைக்கா?

போடியில் ஏலக்காய் சாம்பிளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நாம் விலை கேட்பதில்லை. ஆனால், 'பங்குச் சந்தையில் பதிவான கம்பெனி ஒன்று கைவசம் இருக்கிறது. உங்கள் கம்பெனியை அதில் இணைத்துவிடலாம்' என்று ஒரு தரகர் சொன்னால் நம்மில் சிலருக்கு ஆசை முந்திக்கொள்கிறது.

'ரிவர்ஸ் மெர்ஜர்' எனும் இது சட்டம் அனுமதிக்கும் வழிதான். துணையின்றி நடக்கும் வழியன்று. கணக்குக்கு ஆடிட்டர், பங்கு விகிதம் கணிக்கப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர், அது நியாயமா என்று கருத்துரைக்க செபியில் பதிவான மெர்ச்சன்ட் பேங்கர், தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கு வக்கீல், தாக்கல்களுக்குக் கம்பெனி செயலாளர் என அத்தனை பேரும் வேண்டும்.

2017 ஆகஸ்டில், போலி என்று சந்தேகிக்கப்பட்ட 331 கம்பெனிகளின் பங்கு வணிகத்துக்கு செபி கட்டுப்பாடு விதித்தது. நமக்குக் காட்டப்படும் கம்பெனி எப்படிப்பட்டதோ? அதன் பழைய கடனும் வழக்கும் நம் தலையில்தான் விழும்.

தூத்துக்குடியில் 1921-ல் வணிகர்கள் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, முன்வாசல் வழியே 2022-ல்தான் சந்தைக்கு வந்தது. அவசரம் வேண்டாம்.

தரகர் அழைத்து வரும் ஆலோசகர் தரகருக்கே ஆலோசகர். கட்டணம் கொடுத்தாவது நம் ஆலோசகரை நாமே அமர்த்துவோம். அதன் பிறகே கையெழுத்திடுவோம்.