தொண்டுக்குப் போக இத்தனை வாசல்களா?

(ஒரு பழைய மாணவி)

சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடைபெற்ற பழைய மாணவியர் கூட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி என்னை நிறுத்தி, "அக்கா, நர்ஸிங் முடித்ததும் நானும் உங்களைப் போல ஆப்பிரிக்காவுக்குப் போய் அகதிகளுக்குச் சேவை செய்யப் போகிறேன். எங்கே மனுப் போட வேண்டும்?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அவளுடைய தாயார் குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு பணம் கட்ட வேண்டியிருக்கும்மா?" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது; இருவருக்கும் சரியாக விடை சொல்ல இயலவில்லை. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அருட்சகோதரி அவர்கள் எழுதியபொழுது, அந்த விடையையே எழுதிவிடலாம் என்று தோன்றிற்று.

தாயாரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை என்று ஐக்கிய நாடுகள் சபையே பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. இருந்தும் எங்கள் ஊரில் ஒருவர், நீல முத்திரை பதித்த ஒரு கடிதத்தைக் காட்டி, எண்பதாயிரம் ரூபாய் தந்தால் மூன்றே வாரத்தில் "ஐ.நா. வேலை" வாங்கித் தருவதாக என் தந்தையாரிடம் சொன்னார். அப்பா அம்மாவின் வளையல்களை எடுத்துக்கொண்டு அடகுக் கடை வரை போய்விட்டார். கடை அன்று பூட்டியிருந்தது. எங்களைக் காப்பாற்றியது எங்கள் அறிவன்று. கடைக்காரர் மகளின் கலியாணம்.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். நேர்வழி முடிவின்றி நீண்டுகொண்டே போகும்பொழுது, குறுக்குவழிக்காரன் சொல் இனிக்கத்தானே செய்யும்? அந்த நேர்வழி எவ்வளவு நீளம் என்பதைச் சொல்கிறேன்.

2023 ஜனவரியில் ஒரு பன்னாட்டு மருத்துவத் தொண்டு நிறுவனத்திற்கு விண்ணப்பம் அனுப்பினேன். அப்பொழுது எனக்கு ஆறாண்டு மருத்துவமனை அனுபவம் இருந்தது. (படித்து முடித்த கையோடு யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 1971இல் பாரிசில் தொடங்கப்பெற்ற "எல்லைகளற்ற மருத்துவர்கள்" போன்ற நிறுவனங்கள் செவிலியரிடம் குறைந்தது இரண்டாண்டுப் பணி அனுபவம் எதிர்பார்க்கின்றன.) மார்ச்சில் எழுத்துத் தேர்வு. ஏப்ரலில் கணினித் திரை வழியே நேர்காணல். அதில் வந்த முதல் கேள்வி என்னைத் திணறவைத்துவிட்டது. "உங்கள் மேலதிகாரி தவறு செய்வதைக் கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுங்கள். அப்பொழுது நீங்கள் என்ன செய்தீர்கள்?" இவர்கள் "என்ன செய்வீர்கள்" என்று கேட்பதில்லை, "என்ன செய்தீர்கள்" என்றே கேட்கிறார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசாத பெண் என்று பரிசு வாங்கியவள் நான்! நல்லவேளையாக, டாக்டர் எழுதிய மருந்தின் அளவு தவறாயிருந்ததைக் கண்டு தயங்கித் தயங்கிச் சொன்ன ஓர் இரவு நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன். அந்தத் தயக்கத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

பின்னர், நான் வேலை பார்த்த மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் என் நடத்தையைப் பற்றி விசாரித்தார்கள். பழைய மேட்ரன் அம்மா ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போயிருந்தார். அவரைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம். ஜூலையில், "தங்களை ஏற்றுக்கொண்டோம்" என்று கடிதம் வந்தது.

இந்த இடத்தில்தான் நான் அறிவீனமாய் நடந்துகொண்டேன். கடிதத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு மறுவாரமே வேலையை விட்டேன். அவர்கள் சொன்னது, தெரிவு செய்யப்பட்டோர் பட்டியலில் என் பெயரைச் சேர்த்தாயிற்று என்பது மட்டுமே. பட்டியலில் இருப்பவருக்கு ஏற்ற இடம் காலியானால்தான் அழைப்பு. அதன் பிறகே ஒப்பந்தம், விசா எல்லாம். முதலில் வந்த அழைப்பு, அந்நாட்டில் பாதுகாப்பு நிலை கெட்டதால் நின்றுபோயிற்று. ஏழு மாதம் சம்பளமின்றி வீட்டில் இருந்தேன். தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்கு அப்பா கடன் வாங்கினார். பெண் பார்க்க வந்தவர்கள், "வேலையை ஏன் விட்டாள்?" என்று கேட்டார்கள், அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. எண்பதாயிரம் கேட்டவர் வந்ததும் அந்த மாதங்களில்தான். ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள்: ஒப்பந்தத்தில் கையொப்பமாகிப் புறப்படும் நாள் தெரியும்வரை உங்கள் மகள் இருக்கிற வேலையை விடவேண்டாம்.

இத்தனை வாசல்கள் எதற்கு என்று அந்நாட்களில் நான் கொதித்ததுண்டு. உயிர் போகிற இடத்திற்கு உதவப் போகிறேன் என்று வருபவளை ஓராண்டு நிற்கவைப்பது கொடுமையல்லவா? இப்பொழுது அப்படி நினைக்கவில்லை. 2010இல் ஹெயிட்டி நாட்டில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கே உதவச் சென்ற ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர் சிலர், அந்நாட்டுப் பெண்களின் வறுமையைப் பயன்படுத்திக்கொண்டு தகாத முறையில் நடந்தனர் என்ற செய்தி 2018இல் வெளியாகி உலகையே தலைகுனிய வைத்தது. அவர்களுள் ஒருவர் பின்னர் வேறொரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் தெரியவந்தது. அதன் பின்னரே, 2019 முதல், பல நிறுவனங்கள் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டு, விண்ணப்பிப்பவர் கடந்த ஐந்தாண்டுகளில் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் இத்தகைய குற்றம் உண்டா என்று கேட்டு எழுதுகின்றன. என் மேட்ரன் அம்மாவைத் தேடியலைந்ததும் இத்தகைய எச்சரிக்கையினால்தான். கூடாரத்தில் குழந்தையோடு உறங்கும் ஒரு தாய், வாசலில் வந்து நிற்கும் அந்நியர் யாரென்று விசாரிக்க முடியாது. அவளுக்காக வேறு யாரேனும் விசாரித்திருக்க வேண்டும். அதற்கு ஓராண்டு ஆனால் ஆகட்டும்.

ஆனால் நீளத்தை ஒப்புக்கொள்கிற நான் மௌனத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். வேறொரு நிறுவனத்திற்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்து தேர்வு எழுதி அனுப்பினேன். இன்றுவரை "இல்லை" என்ற ஒரு சொல் கூட வரவில்லை. "இல்லை" என்பதை எழுத எவ்வளவு நேரமாகும்? பரிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக அச்சிடுகிறவர்கள் ஒரு வரி எழுத மாட்டார்களா? மேலும், மாதக்கணக்காகக் காத்திருக்க வசதியுள்ள வீட்டுப் பெண்களே இறுதிவரை நிற்க முடிகிறது. கூலி வேலை செய்பவரின் மகள் நடுவிலேயே விலகிவிடுகிறாள். பசியை அறிந்தவள் அவள்தானே! தேர்வு செய்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்த ஏழு மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் பிரெஞ்சு கற்றது. சாட், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு முதலிய நாடுகளில் அதுவே அலுவலக மொழிகளுள் ஒன்று. (மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்துவிட்டுத் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடும் தங்கைமார் கவனிக்க.) 2024 மார்ச்சில், சாட் நாட்டின் கிழக்கெல்லையில் உள்ள ஆட்ரே என்னும் ஊருக்கு அனுப்பப்பெற்றேன். 2023 ஏப்ரலில் சூடானில் மூண்ட போருக்குத் தப்பி, இலட்சக்கணக்கானோர் அவ்வெல்லையைக் கடந்திருந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அங்கே என்னோடு பிரசவம் பார்த்தவர் அவ்வூர் மருத்துவச்சி. அவர் எந்த விமானத்திலும் வந்தவரல்லர். ஒன்பது மாதம் முடிந்து நான் திரும்பிவிட்டேன்; அவர் அங்கேயே இருக்கிறார். உலகெங்கும் இத்தகைய தொண்டில் இருப்பவருள் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டவரே என்பதை நம்மில் பலர் அறியோம்.

2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தை மூடியது. வேறு நாடுகளும் நிதியைக் குறைத்தன. ஆயிரக்கணக்கான அனுபவசாலிகள் வேலையிழந்தனர். ஆதலால் வரிசை இன்னும் நீண்டிருக்கிறது. இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனமில்லை.

கடைசியாக ஒரு சிறு செய்தி; சிறிதென்றாலும் என் ஏழு வாரத்தை விழுங்கியது. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் தலைப்பெழுத்து மட்டும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுமையாக. செவிலியர் மன்றப் பதிவிலோ ஆங்கிலத்தில் ஓர் எழுத்து அதிகம். வெளிநாட்டார் கண்ணுக்கு இவர்கள் மூன்று பெண்கள்! மூவரும் ஒருத்தியே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்பிய பிறகே என் விசா நகர்ந்தது. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அரசுத் தேர்வுத் துறைக்குப் போகுமுன், சரிபார்க்கும்படி பள்ளியிலிருந்து பெற்றோரிடம் கையொப்பம் கேட்பார்கள். அன்று அவசரப்பட்டுக் கையொப்பமிட்டு அனுப்பிவிடாமல், மகளின் பெயரை ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.